211 பக்கக் கேள்வி

தமிழில் இப்போது எல்லாவற்றுக்கும் மதிப்புரை வந்துவிட்டது. நாவலுக்கு, சினிமாவுக்கு, சீரியலுக்கு, மெஸ் சாப்பாட்டுக்கு, ரோஸ் மில்க்குக்குக்கூட. ஒரே ஒரு எழுத்து வகையை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. நம் வரிப்பணத்தில் எழுதப்படுகிறது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வெளியாகிறது. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, கீழே கையெழுத்தும் போட்டு, 'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று வாசகர் எழுதித்தர வேண்டிய ஒரே இலக்கியம் இதுதான். கம்பனுக்குக்கூட இப்படிப்பட்ட வாசகர்கள் வாய்க்கவில்லை.

அரசாங்க டெண்டர் ஆவணத்தைச் சொல்கிறேன். அதிலும் முக்கியமாக ஆர்.எஃப்.பி. - 'ரிக்வெஸ்ட் ஃபார் ப்ரபோசல்'. முன்மொழிவுக் கோரிக்கை என்று தமிழில் சொல்லலாம். சொன்னால் டெண்டர் செக்‌ஷன் கிளார்க்குக்கே புரியாது என்பதால் ஆர்.எஃப்.பி. என்றே வைத்துக்கொள்வோம்.

சாதாரண டெண்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மார்க்கெட்டில் போய் 'கத்தரிக்காய் கிலோ என்ன விலை?' என்று நாலு கடையில் விசாரிப்பது டெண்டர். கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் பேசுவது ஆர்.எஃப்.பி. இங்கே விலை மட்டும் போதாது. எத்தனை இலை, எத்தனை பந்தி, மளிகை யார் பொறுப்பு, பாத்திர வாடகை யார் தலையில், முகூர்த்தத்துக்கு இருநூறு பேர் கூடுதலாக வந்தால் என்ன செய்வார், இதெல்லாம் பேசியாக வேண்டும். பேசத் தெரிந்த மாமா வீட்டுக்கு ஒருத்தர் இருப்பார். அரசாங்கத்தில் அந்த மாமா இல்லை என்பதுதான் என் புகார்.

நான் புரட்டிப் பார்த்த ஆர்.எஃப்.பி.க்கள் பலவற்றின் அமைப்பு ஒரே மாதிரி. முதலில், கொடுக்கப்பட்ட தகவலுக்குத் துறை பொறுப்பல்ல என்று ஒரு பொறுப்புத் துறப்பு. அப்புறம் அருஞ்சொற்பொருள். அப்புறம் ஈ.எம்.டி., வங்கி உத்தரவாதம், மூன்று வருஷ டர்ன் ஓவர், கறுப்புப் பட்டியலில் இல்லை என்று அஃபிடவிட். நூற்றைம்பது பக்கத்தில் 'எங்களுக்கு என்ன வேண்டும்' என்பது ஏழெட்டுப் பக்கம். அந்த ஏழெட்டிலும் பாதி வேறு ஊரிலிருந்து வந்தது. கட்-அண்ட்-பேஸ்ட் செய்தவர் ஊர்ப் பெயரை எல்லா இடத்திலும் மாற்றியிருப்பார், இணைப்பு 7-ல் மட்டும் மறந்திருப்பார். சமையல்காரரின் மூன்று வருஷ வருமான வரி ரிட்டர்ன் வரை கேட்டுவிட்டு, எத்தனை இலை என்று சொல்லாமல் விட்ட காண்ட்ராக்ட்.

டெண்டர் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது ஊழல்தான். கமிஷன் எத்தனை பர்சென்ட், யார் மச்சான் யார் மாப்பிள்ளை. அதெல்லாம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையை முடிவு பண்ணிவிட்டு 'வரன் தேவை' விளம்பரம் கொடுப்பது உண்டு: விசாக நட்சத்திரம், ஐந்தடி எட்டே கால் அங்குலம், இடது கன்னத்தில் மச்சம். ஸ்பெசிஃபிகேஷன் படித்தாலே கம்பெனி பெயர் தெரிந்துவிடும். ஆனால் ஒருவரும் காசு வாங்காமல், எல்லாரும் விதிப்படி நடந்து, கேள்வியைச் சரியாகக் கேட்காத ஒரே காரணத்தால் வீணாய்ப்போன காரியங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் சட்டசபையில் மைக் உடைப்பதில்லை.

உதாரணம், துப்பாக்கி. நம் ராணுவம் இன்சாஸ் துப்பாக்கிக்கு மாற்றாக 2011-ல் ஏறக்குறைய 66,000 புது ரகத் துப்பாக்கிகளுக்கு ஆர்.எஃப்.பி. வெளியிட்டது. கேட்டது என்ன? குழலைக் கழற்றி மாட்டினால் 5.56 மில்லிமீட்டர் குண்டும் சுட வேண்டும், ஏ.கே. 47-ன் 7.62 குண்டும் சுட வேண்டும். ஒரே துப்பாக்கி, இரண்டு அவதாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காஷ்மீரில் பனியில் படுத்திருக்கிற சிப்பாய் நடுவில் குழல் மாற்றிக்கொண்டிருப்பாரா என்று யார் கேட்டார்களோ தெரியாது. கம்பெனிகள் வந்தன, சோதனைகள் நடந்தன, 2015-ல் டெண்டரையே ரத்து செய்தார்கள். கேட்டபடி ஒன்றும் தேறவில்லை. நான்கு வருஷம் போயிற்று. கடைசியில் 2019 பிப்ரவரியில் அவசரக் கொள்முதல் முறையில் 72,400 துப்பாக்கிகளை ஒரு கம்பெனியிடம் வாங்கினார்கள். சாதாரணமானது. ஒரே குழல். ஒரே குண்டு.

ராணுவத்தின் இப்படிப்பட்ட தேவைப் பட்டியல்களைப் பற்றி அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கரே, மார்வெல் காமிக்ஸிலிருந்து எடுத்தவை மாதிரி இருக்கின்றன என்று கிண்டல் செய்தார். ஐ.ஐ.டி.யில் படித்தவர், ஸ்பெக் படிக்கத் தெரிந்தவர். உலகத்தில் எந்தெந்த நாட்டு பிரோஷரில் எது சிறந்ததோ, அதில் ஒன்று இதில் ஒன்று என்று பொறுக்கிச் சேர்த்தால் அப்படித்தான் வரும். ரதியின் மூக்கு, மேனகையின் இடுப்பு. ஆள் கிடைக்காது.

இந்த வகையின் பெருங்காப்பியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 2007 ஆகஸ்ட் 28-ல் வெளியான போர் விமான ஆர்.எஃப்.பி.தான். 126 விமானங்கள். ஆவணம் 211 பக்கம். அமெரிக்காவிலிருந்து இரண்டு, ரஷ்யா, ஸ்வீடன், பிரான்ஸ், ஐரோப்பியக் கூட்டணி என்று ஆறு பேர் போட்டியிட்டார்கள். லடாக்கின் குளிரிலும் ராஜஸ்தானின் வெயிலிலும் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2011 ஏப்ரலில் ஆறு இரண்டாயிற்று. 2012 ஜனவரி 31-ல் பிரான்சின் ரஃபேல்தான் 'எல்-1', அதாவது ஆகக் குறைந்த விலை, என்று அறிவித்தார்கள். நியாயமாக இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். இங்கேதான் ஆரம்பித்தது.

126-ல் 18 விமானம் பறக்கிற நிலையில் அங்கிருந்து வரும். மீதி 108-ஐ பெங்களூரின் ஹெச்.ஏ.எல். இங்கே தயாரிக்கும். சரி. ஹெச்.ஏ.எல். தயாரித்த விமானத்தில் ஏதாவது கோளாறு என்றால் யார் ஜவாப்தாரி? நாங்கள்தான் என்று நம் பக்கம் ஆர்.எஃப்.பி.யைப் படித்தவர்கள் நினைக்கவில்லை, கம்பெனிதான் என்றார்கள். நாங்கள் ஏன், எங்கள் கையாலா செய்கிறோம் என்றார்கள் அவர்கள். அடுத்தது, ஒரு விமானம் செய்ய எத்தனை மணி நேர உழைப்பு? அவர்கள் விலையைப் பிரான்ஸ் தொழிலாளியின் கணக்கில் போட்டிருந்தார்கள். ஹெச்.ஏ.எல்.லில் அதே வேலைக்கு 2.7 மடங்கு ஆகும் என்று தெரிந்தது. அந்த வித்தியாசத்தை விலையில் சேர்த்தால், எல்-1 எல்-1 தானா? மூன்று வருஷம் பேசினார்கள். 211 பக்கத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நாலு வாக்கியம் எழுதியிருந்தால் பேச வேண்டியே இருந்திருக்காது.

2015-ல் ஆர்.எஃப்.பி.யை வாபஸ் வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் 36 விமானங்களுக்கு அரசுக்கும் அரசுக்குமான ஒப்பந்தம். அதன் விலையைப் பற்றி நடந்த அரசியல் வேறு ஃபைல், அதை நான் திறக்கப் போவதில்லை. எனக்கு சுவாரஸ்யமானது 2019 பிப்ரவரியில் பார்லிமென்டில் வைத்த சி.ஏ.ஜி. அறிக்கையில் பலரும் படிக்காமல் தாண்டிப் போன பக்கங்கள். விமானப் படை தன் தேவைகளைச் சரியாக வரையறுக்கவில்லை, அதனால் எந்த கம்பெனியாலும் அவற்றை முழுசாகப் பூர்த்தி செய்ய முடியவில்லை, நடுவில் தேவைகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்கிறது தணிக்கை. ஆட்சேபிக்கப்பட்ட இரண்டு கடைசிச் சுற்றுக்காரர்களின் மனுவுமே ஆர்.எஃப்.பி.க்கு முழுதாக இணங்கவில்லை என்று அமைச்சகத்தின் குழுவே 2015-ல் கண்டுபிடித்ததையும் சொல்கிறது. எட்டு வருஷம், ஆறு போட்டியாளர்கள், பனியிலும் வெயிலிலும் சோதனை. கடைசியில் கோளாறு கேள்வித்தாளில்.

பரீட்சையில் எல்லாரும் ஃபெயில் என்றால் பையன்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. கேள்வித்தாள் எடுத்த வாத்தியாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

கேட்டதைவிட அதிகமாக எதிர்பார்ப்பது இன்னொரு வகை. ஆகாஷ் டேப்லெட் ஞாபகம் இருக்கிறதா? 2010-ல் கபில் சிபல் 35 டாலர் கம்ப்யூட்டர் என்று காட்டினார். ஜோத்பூர் ஐ.ஐ.டி. டெண்டர் விட்டது, டேட்டாவிண்ட் என்ற கம்பெனிக்கு, ஏறக்குறைய 50 டாலருக்கு, கிடைத்தது. 2011 அக்டோபரில் வெளியிட்டார்கள். 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 256 எம்.பி. மெமரி. விரலால் தொட்டால் திரை யோசித்துப் பதில் சொல்லும். அப்புறம்தான் தகராறு. பொருளை ஏற்றுக்கொள்ளும் முன் அமெரிக்க ராணுவத் தரத்தின்படி சோதிக்க வேண்டும், மழை, அதிர்ச்சி எல்லாம் தாங்க வேண்டும் என்றது ஐ.ஐ.டி. இதெல்லாம் டெண்டரில் எங்கே இருந்தது என்றது கம்பெனி. கிராமத்துப் பையன் கையில் போகிற சாமான் கீழே விழும், மழையில் நனையும்; ஐ.ஐ.டி.யின் கவலை நியாயம். 50 டாலருக்கு ராணுவச் சாமான் வராது. கம்பெனியின் வாதமும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது மாணவர்கள். திட்டம் 2012-ல் பம்பாய் ஐ.ஐ.டி.க்குப் போய், இரண்டாவது அவதாரம் எடுத்து, 2015-ல் ஓய்ந்தது.

எந்த ஆர்.எஃப்.பி.யிலும் முதலில் நான் தேடுவது இந்தப் பக்கத்தைத்தான்: கொண்டு வந்ததை எப்படிச் சோதிப்பார்கள், யார் சோதிப்பார்கள், எது பாஸ், எது ஃபெயில். பல ஆவணங்களில் அந்த இடத்தில் 'துறையின் திருப்திக்கேற்ப' என்று ஒரு சொற்றொடர் இருக்கும். மாமியாரின் திருப்திக்கேற்ப என்று படித்துக்கொள்ளவும்.

ஸ்பெக்குக்கு அடுத்து மார்க். வெறும் விலையை வைத்து முடிவு செய்தால் மட்டமான ஆள் வருவான், தரத்துக்கும் மார்க் போடலாம் என்பது நல்ல யோசனை. ஆனால் மார்க் போடுவதிலும் விஷயம் இருக்கிறது. 2005-ல் டெல்லி, மும்பை விமான நிலையங்களைத் தனியாரிடம் கொடுக்க ஆர்.எஃப்.பி. விட்டார்கள். தொழில்நுட்பப் பகுதியில் 80 சதவீதம் எடுத்தால்தான் விலைக் கவரைப் பிரிப்பார்கள். எதற்கு மார்க்? 'நிர்வாகத் திறமை, ஈடுபாடு, கூடுதல் மதிப்பு' என்று ஒரு தலைப்பு. ஈடுபாட்டுக்கு நூற்றுக்கு எத்தனை போடுவீர்கள்? ஆலோசகர்கள் போட்ட மார்க்கில் 80-ஐத் தாண்டியது இருவர். சந்தேகம் வந்தது. டெல்லி மெட்ரோ ஸ்ரீதரன் தலைமையில் ஒரு நிபுணர் குழு மறுபடி திருத்தியது. இப்போது தாண்டியது ஒருவர், ஜி.எம்.ஆர். மட்டும். இரண்டு விமான நிலையம், ஒரே ஒரு பாஸ். ஜி.எம்.ஆர். டெல்லியை எடுத்துக்கொண்டது. தேறாமல் போன ரிலையன்ஸ் வருமானத்தில் அரசுக்குத் தருவதாகச் சொன்ன 45.99 சதவீதத்தை அதுவும் தர ஒப்புக்கொண்டது. மும்பைக்கு 80 என்ற கோட்டைத் தளர்த்தி, 38.7 சதவீதம் சொன்ன ஜி.வி.கே.வுக்குக் கொடுத்தார்கள். ரிலையன்ஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2006 நவம்பரில் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பு.

செல்லும்தான். ஆனால் ஒரே விடைத்தாளை இரண்டு பேர் திருத்தினால் ஒருவருக்கு பாஸ், ஒருவருக்கு ஃபெயில் என்றால், கேள்வி கணக்குப் பாடமா தமிழ்க் கட்டுரையா என்று சந்தேகம் வருகிறது. 'இதே அளவு விமான நிலையம் எத்தனை நடத்தியிருக்கிறீர்கள்?' என்பது கணக்கு. 'உங்கள் ஈடுபாடு எப்படி?' என்பது கட்டுரை. கட்டுரைக்கு 80 கட்-ஆஃப் வைக்கக் கூடாது.

இதனால்தான் நம் அதிகாரிகள் எல்-1-ஐக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழித்து வீட்டு வாசலில் கடிதம் வரும்: 'குறைந்த விலை இருக்க, இரண்டாமவருக்கு ஏன் கொடுத்தீர்?' மட்டமான சாமான் வாங்கியதற்குக் கடிதம் வராது, அதற்குக் கையெழுத்துப் போட்டவர் எல்-1 என்ற ஒற்றைச் சொல்லில் தப்பித்துவிடுவார். கேள்வியை மோசமாகக் கேட்டார் என்று சஸ்பெண்ட் ஆன ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. கவரைப் பிரிப்பதற்கு நம்மிடம் எத்தனை விதி! எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், எந்தப் பெட்டியில், திருத்தம் இருந்தால் எங்கே இனிஷியல். தமிழ்நாட்டில் 1998-லிருந்தே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். கவருக்குள் என்ன கேட்டோம் என்பதற்கு அந்தக் காவல் இல்லை.

விதியே இல்லை என்று சொல்லவில்லை. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 144-வது விதி, அடிப்படைத் தேவைக்கு எது வேண்டுமோ அதைத் தெளிவாகச் சொல், தேவையில்லாத அலங்காரத்தைச் சேர்க்காதே என்றுதான் சொல்கிறது. ஒரே பாராவில் முழு ஞானமும் இருக்கிறது. 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் இன்னொரு படி போய், எல்-1 மட்டுமே கதி இல்லை, கட்டுமானம் போன்றவற்றிலும் தேவைப்பட்டால் தரத்துக்கு 30 சதவீதம் வரை எடை கொடுக்கலாம் என்றது. வரவேற்கிறேன். டெல்லி விமான நிலைய ஃபைலை ஒரு தடவை படித்துவிட்டு மார்க் ஷீட் தயாரித்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

இந்த இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ப்ரீ-பிட் கேள்வி பதில். ஆவணம் வந்த சில நாளில் கம்பெனிக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம், டீ, மேரி பிஸ்கட். அவர்கள் எழுத்து மூலமாகக் கேட்ட கேள்விகளுக்குத் துறை எழுத்து மூலமாகப் பதில் சொல்லி எல்லாருக்கும் வெளியிட வேண்டும். அருமையான ஏற்பாடு. நடப்பது என்ன?

'பழைய ரிக்கார்டுகள் மொத்தம் எத்தனை, எந்த நிலையில் இருக்கின்றன?'

'ஆர்.எஃப்.பி.யில் உள்ளபடி.'

'ஆர்.எஃப்.பி.யில் இல்லை, அதனால்தான் கேட்கிறோம்.'

'மாற்றம் இல்லை.'

இது என் கற்பனைதான். ஆனால் ஏதாவது ஒரு துறையின் பதில் பட்டியலை எடுத்துப் பாருங்கள், கற்பனைக்கு வேலை இருக்காது. பதில் எழுதுகிறவர் பயப்படுகிறார், ஏதாவது சொன்னால் யாருக்கோ சலுகை காட்டியதாக ஆகிவிடுமோ என்று. ஆனால் சொல்லாத பதிலுக்கும் விலை இருக்கிறது. ஜாக்கிரதையான கம்பெனி, ரிக்கார்டு கரையான் அரித்ததாகவே வைத்துக்கொண்டு விலையை ஏற்றும். தைரியமான கம்பெனி, எல்லாம் புத்தம் புதுசு என்று வைத்துக்கொண்டு விலையைக் குறைத்து எல்-1 ஆகும். ஆறு மாதம் கழித்து 'சேஞ்ச் ரிக்வெஸ்ட்' என்று ஒரு பில் வரும். வேலை பாதியில் நிற்கும்போது அந்த பில்லை யாராலும் மறுக்க முடியாது. ஆகக் குறைந்த விலைக்கு வாங்கினோம் என்று ஃபைலில் இருக்கும். ஆனதென்னவோ ஆகக் கூடிய விலை.

சில துறைகள், நமக்கேன் வம்பு என்று, ஆர்.எஃப்.பி. எழுதவே ஆலோசனைக் கம்பெனியை அமர்த்துகின்றன. தப்பில்லை. எழுதிக் கொடுத்தவரே அந்த வேலைக்குப் போட்டி போடக் கூடாது என்று விதியும் இருக்கிறது. ஆனால் 'எங்கள் ஆபீசில் ஒரு மனு எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்குகிறது' என்பதை வெளியாள் எழுத முடியாது. அதற்கு அந்த மேஜைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களோடு உட்கார வேண்டும். பஜ்ஜி சாப்பிட வேண்டும். அவர்கள் சொல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நன்றாகக் கேட்டவர்களே இல்லையா? இருக்கிறார்கள். நம்மூரிலேயே.

1994-ல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குகிற நிறுவனம். இரண்டு கவர் முறை: முதல் கவரில் தகுதி, அது தேறினால்தான் இரண்டாவது கவரில் இருக்கிற விலை. இது பெரிய விஷயமில்லை, யாரும் செய்யலாம். பெரிய விஷயம், 'தரமான மருந்து' என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தரம் என்றால் என்ன, எப்படிப் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கிடங்குக்கு வருகிற ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் சாம்பிள் எடுப்போம். கம்பெனி பெயரை மறைத்து, ஒரு ரகசிய எண் போட்டு, லேபுக்கு அனுப்புவோம். எந்தக் கம்பெனி மாத்திரை என்று லேபுக்கே தெரியாது. பாஸ் ஆனால்தான் மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும், கம்பெனிக்குப் பணம் போகும். ஃபெயில் ஆனால் திரும்ப எடுத்துக்கொண்டு போ. தொடர்ந்து ஃபெயில் ஆனால் கறுப்புப் பட்டியல். ஆகாஷில் இல்லாமல்போன பக்கம் இங்கே இருக்கிறது பாருங்கள். கேரளாவும் ராஜஸ்தானும் பிற்பாடு இதே மாதிரி கழகங்களை ஆரம்பித்தன. தர்மாஸ்பத்திரியில் வரிசையில் நின்று பாரசிட்டமால் வாங்குகிற பாட்டிக்கு எல்-1, எல்-2 எதுவும் தெரியாது. ஜுரம் விட்டதா என்பதுதான் அவளுடைய ஆடிட்.

இன்னொன்று பாஸ்போர்ட். பழைய பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் விடியற்காலையில் இடம் பிடித்து நின்றவர்களுக்கு நான் வர்ணிக்கத் தேவையில்லை. 2007-ல் வெளியுறவு அமைச்சகம் இதை மாற்ற முடிவு செய்தபோது, 'ஐந்நூறு கம்ப்யூட்டர், நாற்பது சர்வர் வேண்டும்' என்று டெண்டர் விட்டிருக்கலாம். எல்-1 வந்திருக்கும், கம்ப்யூட்டர் வந்திருக்கும், வரிசை அப்படியே இருந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. தேசிய மின்னாளுகை நிறுவனம் ஒன்றை உட்கார வைத்து, விண்ணப்பம் எப்படி நகர்கிறது என்று முதலில் ஆராய்ந்தார்கள். பிறகு கேட்டது கம்ப்யூட்டரை அல்ல, சேவையை. கட்டடம், இயந்திரம், ஆள் எல்லாம் நீ போடு. ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கொடுப்போம். சொன்ன நேரத்தில், சொன்ன தரத்தில் நடக்காவிட்டால் பிடித்துக்கொள்வோம். 2008 அக்டோபரில் டி.சி.எஸ்.ஸுக்குக் கிடைத்தது. 2010-ல் கர்நாடகத்திலும் சண்டிகரிலும் வெள்ளோட்டம், 2012-க்குள் நாடு முழுக்க 77 சேவா கேந்திரங்கள். போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தது. ஆரம்ப வருஷங்களில் எங்கே தாமதமாயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

அதில் இன்னொரு கேள்வியையும் முன்னாடியே தீர்த்துக்கொண்டார்கள். ஒருவர் இந்தியப் பிரஜையா, அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கலாமா என்று தீர்மானிப்பது அரசாங்கத்தின் வேலை, கம்பெனி அதைத் தொடக் கூடாது. கம்பெனி எதுவரை, அரசாங்கம் எங்கிருந்து என்று கோடு கிழித்தாக வேண்டும். போர் விமானத்தில் கிழிக்காமல் விட்ட அதே மாதிரிக் கோடு. பாஸ்போர்ட் எடுக்கப் போனவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள். 'ஏ' கவுண்டரில் போட்டோவும் கைரேகையும் எடுத்தது டி.சி.எஸ். பெண். டோக்கன் நம்பர் திரையில் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துக் காத்திருந்து நீங்கள் போன 'பி'யிலும் 'சி'யிலும் உட்கார்ந்திருந்தது அரசு ஊழியர்கள்.